கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சு இல்லை

அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் மகள் மிளகுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. அதை நாக்கால் தள்ளித் தள்ளி, வாசலுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். தபால்காரரால் நேற்று அதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்க முடிந்தது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் வார்டில் இருக்கும் அந்தக் கனத்த பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க இப்போதாவது இன்னொரு ஆளைப் போட்டார்களா?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் 'சரிக்கா, சரிக்கா' என்று சொல்லிவிடுவேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் நடந்திருக்கிறது. இந்த முறை சரி என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, மூக்கைச் சிந்தவும் முடியாது. முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ முடிவாகச் சொல்லிவிட்டாய். பள்ளி விடுமுறை விட்ட மறுநாள் உன் நாத்தனார் வந்து மிளகை அழைத்துப் போவார். ஒப்பந்தம் முடிந்து நீ திரும்புகிற வரைக்கும், இன்னும் எட்டு மாதம், அவள் அங்கேயே இருப்பாள். அதுவரை கதையும் வேண்டாம், ஊர் சுற்றலும் வேண்டாம். அவ்வளவுதான், வைத்துவிட்டாய். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மிளகு பக்கத்தில் வந்து, 'அம்மா திட்டினாங்களா சித்தி? நான் சொன்னதாலயா?' என்றாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. பல்லை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மிளகு ரயில் நிலையத்தில் நாற்பது நிமிடம் காணாமல் போனதை, அது நடந்த அன்றே நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரம் மறைத்துவிட்டேன். குழந்தை வாயிலிருந்து நீ கேட்கும்படி ஆகிவிட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொன்றுக்கும் மன்னிப்பு உண்டு, அது கீழே வரும். வேறு எதற்கும் கேட்கப் போவதில்லை.

நீ கிளம்பிப் போன புதிதில் அவள் எப்படி இருந்தாள் என்பது உனக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லை. பஸ் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். எதிரே இருக்கும் பதினாலு மாடிக் கட்டடம் சாயங்காலம் நம் வீட்டுப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். உன்னை விழுங்கியது இந்த ஊர்தான் என்று அவள் நினைத்திருந்தாள் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. ஏர்போர்ட் வாசலில் உன்னை விட்டுவிட்டு வந்தோம் இல்லையா, கண்ணாடிக் கதவு திறந்தது, நீ உள்ளே போனாய், கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு எந்தப் பெரிய கதவையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் கதை எழுத ஆரம்பித்தேன். அச்சகத்தில் நான் பிழை திருத்தி முடித்த மெய்ப்புத் தாள்கள் குவிந்து கிடக்கும். ஒரு பக்கம் பாடப்புத்தகம், அதில் என் சிவப்பு மைத் திருத்தங்கள். மறுபக்கம் சுத்தமான வெள்ளை. எட்டுத் தாளை மடித்து நடுவில் ஊசியால் தைத்தால் ஒரு புத்தகம். கதாநாயகன் ஓர் இடது கால் செருப்பு. ஜோடிச் செருப்பு பஸ்ஸில் ஏறும்போது தவறிப்போய்விட்டது, இவன் அதைத் தேடி ஊர் முழுக்கப் போகிறான். ஏன் செருப்பு என்று கேட்காதே. எல்லா இடத்துக்கும் போய்விட்டு வாசலிலேயே நிற்கிறவன் அவன்தான் என்று தோன்றியது.

முதல் புத்தகத்தில் செருப்பு நம் தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும்தான் போகும். வழியில் எத்தனை கேட் என்று எண்ணும். கதையை மூன்று நாள் படித்தோம், சனிக்கிழமை அதே வழியில் நடந்தோம். பதினேழு கேட். கதையிலும் பதினேழு. மிளகு தபால்பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'இது நிஜமாவே இருக்கு' என்றாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் முறை. முதலில் கதை, பிறகு நடை. இரண்டாவது புத்தகத்தில் பஸ். மூன்றாவதில் நூலகத்தின் சுழல்கதவு. அதில் செருப்பு மாட்டிக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றும். அந்தச் சனிக்கிழமை மிளகு வேண்டுமென்றே நாலு சுற்றுச் சுற்றினாள், பின்னால் நின்ற ஒரு வக்கீல் கோட்டோடு காத்திருந்தார். ஆறாவது புத்தகத்துக்குப் பிறகு பதினாலு மாடியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டாள். காவலாளியிடம் அனுமதி வாங்கி ஏறினோம். மேலே நின்று நம் வீட்டைப் பார்த்து, 'நம்ம வீடுதான் அவங்க பக்கம் சாயுது' என்றாள்.

ஒன்பதாவது புத்தகம் ரயில் நிலையம். நான் தப்புப் பண்ணியது அதில்தான்.

கதையில் செருப்பு கூட்டத்தில் வழி தவறிவிடும். என்ன செய்யும்? பெரிய கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் பச்சை பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, தேடி வருகிறவர் வரும்வரை நகராமல் இருக்கும். நல்ல பாடம் என்று நினைத்துத்தான் எழுதினேன். நிலையத்தின் வழியாக வாரத்தில் ஆறு நாள் போய் வருகிறவள் நான். கடிகாரம் எனக்கு நன்றாகத் தெரியும். அதன் கீழே பெஞ்சு இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவில்லை. செருப்பு நிற்பதைவிட உட்கார்ந்தால் படம் அழகாக வரும் என்று ஒரு பெஞ்சை வரைந்து, கையில் கிடைத்த பச்சைப் பென்சிலால் தீட்டிவிட்டேன். அடுத்தவர்களின் பிழைகளைப் பிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், அக்கா. ஒரு பாடப்புத்தகத்தில் ஆற்றின் நீளம் மூன்று கிலோமீட்டர் கூடிவிட்டது என்று ஆசிரியரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டவள்.

அந்தச் சனிக்கிழமை முன்கூடத்தைக் கடக்கும்போது இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் வந்து நின்றன. கூட்டம் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தது. ஒரு பெரிய பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. கையை விட்டது நானா அவளா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பெட்டி போன பிறகு அவள் இல்லை.

அவள் கதையில் இருந்தபடியே செய்தாள். நேராகப் பெரிய கடிகாரத்துக்குப் போனாள். அங்கே பெஞ்சு இல்லை, மூடிக் கிடக்கும் ஒரு பழைய டிக்கெட் ஜன்னல்தான் இருந்தது. அப்படியென்றால் இது அந்தக் கடிகாரம் இல்லை என்று முடிவு செய்தாள். அந்த நிலையத்தில் மொத்தம் நாலு கடிகாரம். நாலையும் தேடிப் போயிருக்கிறாள். மேம்பாலத்தில் ஏறி இறங்கியிருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிகாரத்துக்குப் போகவில்லை. வாசலுக்கு ஓடினேன், ரோட்டுக்கு ஓடினேன், டாக்சி நிற்கும் இடத்தில் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்த்தேன். கடிகாரம் ஞாபகம் வந்து திரும்பி ஓடியபோது அவள் அங்கிருந்து போய்க் கால் மணி நேரம் ஆகிவிட்டது. கதையை அவள் நம்பினாள். எழுதியவள் நம்பவில்லை.

அந்த நாற்பது நிமிடத்தை உனக்குச் சின்னதாக்கிச் சொல்ல மாட்டேன். என் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை. யாரோ ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மிளகு போட்டிருந்த சட்டையின் நிறத்தைப் பற்றி ஏதோ கத்தினேனாம். உன் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

நாலாவது கடிகாரத்துக்குக் கீழேயும் பெஞ்சு இல்லை என்றதும், தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மிளகு போனாள். சீருடை போட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்பது ஐந்தாவது புத்தகத்தில் இருக்கிறது. 'அக்கா, பச்சை பெஞ்சு இருக்கிற கடிகாரம் எங்க இருக்கு?' என்று கேட்டாளாம். அந்தப் பெண் துடைப்பத்தை ஊன்றி நின்றுகொண்டு, 'பதினோரு வருஷமா இந்தத் தரையைத் துடைக்கிறேன் பாப்பா, எந்தக் கடிகாரத்துக்குக் கீழயும் பெஞ்சு இல்லை. யாரு சொன்னா உனக்கு?' என்று கேட்டாராம். சித்தி சொன்னாள் என்றாளாம். 'அப்ப தொலைஞ்சது நீயில்ல, உங்க சித்திதான்' என்று சொல்லி அறிவிப்பு அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே மிளகு தன் முழுப் பெயர், என் பெயர், வீட்டு எண், தெரு, எங்கள் பஸ் எண், இறங்கும் நிறுத்தம் எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னாள். கடைசியில் ஒரு கோரிக்கையும் வைத்தாள் போலிருக்கிறது. ஒலிபெருக்கியில் எட்டு நடைமேடைக்கும் கேட்கும்படி இப்படி வந்தது: 'மிளகு என்ற குழந்தையின் சித்தி உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும். பெஞ்சு இல்லை என்பதையும் அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

நான் போனபோது அவள் சுழல்நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்த பிறகுதான் அழுதாள். 'நான் நகராம இருக்கலாம்னுதான் பார்த்தேன், உட்கார எடமே இல்ல' என்றாள். அக்கா, நான் மன்னிப்புக் கேட்கும் இரண்டாவது விஷயம் அந்தப் பெஞ்சு. அவளிடம் அங்கேயே கேட்டுவிட்டேன். உன்னிடம் இப்போது கேட்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை நீ விரும்புவது போலவே நடந்துகொண்டேன். கதவைத் தாழிட்டேன். புத்தகங்களை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். நாள் முழுக்கப் பொம்மைப் படம் ஓடியது. உன் நாத்தனார் சொல்வாரே, 'ஊஞ்சல் இருக்கு, டிவி இருக்கு, பிள்ளைக்கு வேறென்ன வேணும்' என்று, அந்த மாதிரி ஒரு நாள். (அவரைக் குறை சொல்லவில்லை. சோறு ஊட்டுவதில் என்னைவிடப் பொறுமைசாலி.) சாயங்காலம் பார்த்தால் மிளகு நாற்காலி போட்டு ஏறி ஒன்பதாவது புத்தகத்தை எடுத்திருக்கிறாள். என் சிவப்புப் பென்சிலால் பெஞ்சின் மேல் ஒரு கோடு போட்டு, ஓரத்தில், நீக்கு என்பதற்கு நான் போடும் வால் சுழித்த குறியை அப்படியே போட்டிருந்தாள். சுழி தலைகீழாக இருந்தது, அதை விடு. 'மிச்சப் பக்கத்துல என்னென்ன தப்போ, போய்ப் பார்க்கணும் சித்தி' என்றாள்.

பயந்த குழந்தை அப்படிக் கேட்காது. அன்று அந்த வீட்டில் பயந்திருந்தது நான் மட்டும்தான்.

அதனால் போனோம். போன சனிக்கிழமை, வண்டிகள் குறைவாக வரும் பதினோரு மணிக்கு, புத்தகமும் பென்சிலுமாக. அவள் மணிக்கட்டில் என் போன் எண்ணை எழுதி, என் முந்தானையை அவள் பை வாரில் முடிந்துகொண்டு. மேம்பாலத்துக்கு ஐம்பது படி என்று எழுதியிருந்தேன், அறுபத்திரண்டு. டிக்கெட் ஜன்னலில் பூத்தொட்டி வைத்திருந்தேன், அங்கே கம்பிதான். பத்திரிகைக் கடைக்காரர் கதையில் சிரித்துக்கொண்டே வழி சொல்வார். நேரில் அவர் எங்களை முறைத்தார். மிளகு புத்தகத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரிடமே, 'கதையில நீங்க சிரிக்கிறீங்க' என்றாள். அவர், 'எனக்கு மூட்டு வலி, சிரிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, ஆறாவது நடைமேடைன்னா இடது பக்கம் போ' என்றார். சரியான வழிதான் சொன்னார். 'முறைக்கிறார், ஆனா சொல்றார்' என்று எழுதச் சொன்னாள், எழுதினேன். தரை துடைக்கும் பெண் தூரத்திலேயே பார்த்துவிட்டு, 'பெஞ்சுக்காரி வந்துட்டா, எல்லாரும் வழி விடுங்க' என்றார். மொத்தம் பதினோரு பிழை. மறுநாள் உன்னிடம் அவள் போனில் பெருமையாகச் சொல்ல வந்தது அந்தப் பதினொன்றைத்தான். நீ முதல் பிழையான பெஞ்சிலேயே நின்றுவிட்டாய்.

இவ்வளவு நாள் நான் அவளுக்கு ஊரைத் தேன் தடவிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் சிரிக்கிற ஊர், களைத்தவுடன் உட்கார பெஞ்சு கிடைக்கிற ஊர். அது அவளுக்குத் தேவைப்படவில்லை. முறைக்கிற ஆள் வழி சொல்வார் என்பது அவளுக்குச் சிரிக்கிற ஆளைவிடப் பிடித்திருக்கிறது. இனிமேல் எழுதும் கதை எதுவும் நாங்கள் போய்ப் பார்க்காமல் தைக்கப்படாது. மென்மையாகத்தான் எழுதுவேன், ஆறு வயதுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. இல்லாததை மட்டும் எழுத மாட்டேன்.

'கதையில போனா போதாதா, நேர்ல எதுக்குப் போகணும்?' என்று கேட்டாய். போதாது. கதையில் மட்டும் போனவளைத்தான் உனக்கு நன்றாகத் தெரியுமே. நான் இந்த ஊருக்கு வந்தபோது பார்க்காத நகரங்களின் தெருப் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்தப் பாலத்தில் பனி விழும், எந்தச் சதுக்கத்தில் புரட்சி வெடித்தது என்று கேட்டால் சொல்லியிருப்பேன். விடுதிக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது என்று தெரியப் பதினோரு மாதம் ஆனது. விடுதிக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இருந்த ஒரே ரோடுதான் ஊர் என்று இருந்தேன்.

உன் கதை அதைவிட மோசம். நீ நர்சிங் படிக்க இங்கே வந்து இறங்கிய நாளைச் சொல்கிறேன். பத்து மணிக்கு இறங்கி ஒரு மணி வரைக்கும் பஸ் நிறுத்தத்தில் நின்றாய். பஸ் வந்தது, போனது, வந்தது, போனது. எது எங்கே போகிறது என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாம் என்பதே உனக்குத் தெரியவில்லை. லீவில் வந்தபோது, 'மூணு மணி நேரம்டி, கால் வீங்கிப்போச்சு' என்று நீயே சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அப்பாவும் சிரித்தார். நான் பதினான்கு வயதில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். நம் இருவரையும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். பத்திரமாக வைத்திருந்ததன் பலன் அந்த மூன்று மணி நேரம். நீ மிளகுக்காகக் கேட்பதும் அதே பத்திரம்தான், அக்கா. வேறு ஊர், பெரிய காம்பவுண்டு சுவர், வாசலுக்கே வரும் பள்ளி வேன்.

நான் அனுப்ப மாட்டேன்.

உன் நாத்தனாருக்கும் இன்றே எழுதிவிட்டேன். விடுமுறைக்குக் கட்டாயம் வாருங்கள், பத்து நாள் இருங்கள், திரும்பும்போது மட்டும் தனியாகப் போக வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்வார். பரவாயில்லை. நீ பெற்ற தாய், நீ நேரில் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனால் நான் குறுக்கே நிற்க முடியாது, நிற்கவும் மாட்டேன். போனில் சொன்னால் மட்டும் பெட்டி கட்டுவேன் என்று எதிர்பார்க்காதே. அவளை அனுப்பிவிட்டு இந்த வீட்டில் எட்டு மாதம் நான் எப்படி இருப்பேன் என்பதை இங்கே எழுதவில்லை. அதை ஒரு காரணமாகச் சொல்வது உன் மேல் அழுத்தம் போடுவதாகிவிடும்.

இன்னொன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நீ போனை வைத்த அன்று அவள் தூங்கப் போகும் முன் உன் ஊரைப் பற்றிக் கேட்டாள். அங்கே ஆறு உண்டா, டிராம் உண்டா, பெரிய கடைத்தெரு எந்தப் பக்கம் என்று. எனக்குத் தெரியவில்லை. போன மாதம் அவள் உன்னிடமே கேட்டபோது நீ, 'இங்க என்னடி இருக்கு, ஜன்னலைத் திறந்தா ஒரு சுவர் இருக்கு. ஹாஸ்டல் விட்டா டியூட்டி, டியூட்டி விட்டா ஹாஸ்டல்' என்றாயாம். பதினாறு மாதம் ஆகிவிட்டது, அக்கா. மிளகு என்னிடம் கேட்டாள்: 'அம்மாவுக்கு யாரும் கதை எழுதித் தரலையா?'

'அம்மாகிட்டயே கேட்கிறேன்' என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். நீ சொல். அடுத்த வார விடுமுறை நாளில் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு வெளியே வா. எந்த பஸ்ஸாக இருந்தாலும் ஏறி இரண்டு நிறுத்தம் போய் இறங்கு. வழி தெரியாவிட்டால் ஒருவரை நிறுத்திக் கேள். முறைத்தாலும் கேள். அந்தப் பாஷையில் உனக்குத் தெரிந்த நாற்பது வார்த்தை போதும். என்ன பார்த்தாய் என்று எங்களுக்கு எழுது. எழுதிவிட்டு, அதே கடிதத்தில், மிளகை உள்ளே வை என்று உன்னால் சொல்ல முடிந்தால் சொல். அப்போது நான் மறுபடி யோசிக்கிறேன்.

தங்கை அக்காவுக்கு ஆசி சொல்வது முறையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நீ இறங்குகிற நிறுத்தத்தில் மழை இல்லாமல் இருக்கட்டும். நீ கேட்கிற ஆள் நின்று பதில் சொல்லட்டும். போய்விட்டு நல்லபடியாகத் திரும்பி வா, அக்கா.

உன் பேச்சைக் கேட்காத,
தங்கை